காலி வண்டி

இடிச்சதெல்லாம் இல்லீங்க. அதை நானே முதல்ல சொல்லோணும்னு இருந்தேன், நீங்களே கையை வச்சுக் கேட்டுட்டீங்க. அந்தத் தகர ஒட்டு விபத்துல வந்ததில்ல. வண்டி எங்கயும் போய் மோதல, எதுவும் இதுமேல வந்து மோதல. நின்னுக்கிட்டு இருந்தப்ப ஆனது. சொல்றேன், உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. நடுவுல லாரி எதுவும் வந்தா எந்திரிச்சுப் போய் எடைச்சீட்டுக் குடுத்துட்டு வருவேன், தப்பா நெனைக்காதீங்க. எடைமேடை வச்சிருக்கறவன் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சதா சரித்திரமே இல்ல.

பின்கதவைத் திறந்து பாத்தீங்களா? பாத்துட்டீங்க, அதான் ஒரு மாதிரி சிரிக்கறீங்க. ஆமாங்க, கட்டில்தான். மடிச்சா பெஞ்சு, விரிச்சா ரெண்டு பேரு படுக்கலாம். அந்த மூலையில அடுப்பு வைக்க மேடை, கீழ தண்ணிக் கேனுக்கு எடம். வெளிய இருந்து பாத்தா தெரிஞ்சுதா சொல்லுங்க? தெரியாது. கொப்பரைத் தேங்காய் ஏத்தற வண்டின்னுதான் யாரும் நெனைப்பாங்க. அதுக்குத்தானே அத்தனை பாடு. நீங்க முட்டை லோடுக்குன்னு கேக்கறீங்க, கட்டிலைக் கழட்டிக்கலாம், நாலு போல்ட்டுதான்.

எங்கப்பா பக்கவாதம் வந்து படுத்துட்டாருங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷமில்ல, ரொம்ப வருஷம். பாத்துக்கிட்டது எல்லாம் என் வீட்டுக்காரி துளசிமணி. நான் இங்க எடைமேடையில, மக கல்யாணமாகி ஓசூர் போயிட்டா. அந்த மக கல்யாணத்தன்னிக்கே, மண்டபத்துல இருந்து நடுவுல ஓடியாந்து அவருக்குக் கஞ்சி குடுத்துட்டுத் திரும்ப ஓடினவ. ஒரு குறை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல, சொன்னாத்தானே கேக்கறதுக்கு.

போன தை மாசம் அப்பா போயிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு, வந்தவங்க போயி, வீடு அமைதியாச்சு. ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா, "ஏனுங்க, ஒரு நாளாச்சும் காலைல கண்ணு முழிச்சா வேற ஊரா இருக்கோணும்ங்க." அவ்வளவுதான். எந்த ஊருன்னு சொல்லல. கோயிலுக்குன்னும் சொல்லல. எனக்கு மனசு என்னமோ பண்ணிருச்சு. செஞ்சு குடுத்துடோணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். நான் ஒண்ணு செய்யறதுன்னா அரைகுறையா செய்யறவன் இல்லீங்க.

லாட்ஜு எனக்கு ஆகாது. யாரோ படுத்த மெத்தை, யாரோ குடிச்ச டம்ளர். அதுவுமில்லாம வெள்ளகோவில்காரன் ஒருத்தன் எந்த ஊரு லாட்ஜுலயும் கண்டிப்பா நிப்பான். எங்க பெரியண்ணன் வேற பக்கத்து வீடு. அப்பன் போயி வருஷம் திரும்பல, இவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தக் கெளம்பிட்டான்னு அவரு ஒரு வார்த்தை விட்டா போதும், ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அதனால யோசிச்சேன். வெளியில லோடு வண்டி, உள்ள வீடு. யாருக்கும் தெரியாது. எங்க வேணாலும் நிறுத்தலாம், யாருகிட்டயும் பேரு சொல்ல வேண்டியதில்ல.

எந்த வண்டிங்கறதுதான் கேள்வி. இங்க பாருங்க, இந்த மேடை மேல ஏறாத வண்டி கெடையாது. ஏறின ஒவ்வொரு டிரைவரையும் கேட்டேன், லிட்டருக்கு என்னப்பா தருது, என்னப்பா தருதுன்னு. குட்டியானை நல்லாத் தரும், ஆனா நீளம் பத்தாது, படுத்தா காலு கதவுக்கு வெளிய நிக்கும். பெரிய பிக்கப் ஜம்முனு இருக்கும், டீசலைக் குடிச்சுப் போடும். கேஸ் வண்டி மலிவுதான், பங்க் இல்லாத ஊர்ல நின்னா கோவிந்தா. பெட்ரோலு பேச்சே வேண்டாம். நடுத்தர சைஸ், டீசல், நீளத் தொட்டி, ஒரே ஓனர் கையில ஓடினது, அப்படி ஒண்ணுதான் சரின்னு ஒரு முடிவுக்கு வரவே ஆனி ஆயிருச்சு. அப்புறம் அப்படி ஒண்ணு கிடைக்கோணுமில்ல? தாராபுரத்துல ஒண்ணு பாத்தேன், பல்லடத்துல ஒண்ணு, ஈரோட்டுல ஒண்ணு. ஒவ்வொண்ணையும் டேங்க் ரொப்பி முத்தூரு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு மறுபடி ரொப்பிப் பாப்பேன். விக்கறவனுங்க என்னைக் கண்டா ஒளிய ஆரம்பிச்சுட்டானுங்க.

துளசிமணி சித்திரையிலயே ஒரு பையில துணி அடுக்கிக் கட்டிலுக்கடியில வச்சுட்டா. ஆடியில பாத்தேன், எடுத்துத் துவைச்சு மறுபடி பீரோவுல வச்சுக்கிட்டு இருந்தா. எப்பனுங்க கெளம்பறதுன்னு ஒருதடவை கேட்டா. இதெல்லாம் அவசரப்படற காரியமான்னு கேட்டேன். "பஸ்ஸுலயே போலாமுங்களே" ன்னா. பஸ்ஸுல போனா எங்க தூங்கறது? பொம்பளைங்களுக்கு அது தோணாது.

கடைசியில இது கிடைச்சுது. லிட்டருக்குப் பதினேழுக்குக் குறையாதுங்க, நீங்க எழுதி வாங்கிக்கலாம். நாமக்கல்லுல ஜெயசீலன்னு ஒருத்தர், பாடி கட்டற பட்டறை, அவருகிட்ட விட்டேன். நல்ல வேலைக்காரர், ஆனா வாய் ஜாஸ்தி. ஜன்னல் எங்கண்ணே வைக்கன்னாரு. ஜன்னல் வச்சா லோடு வண்டின்னு எவன் நம்புவான்? வேண்டாம்னேன். துளசிமணியும் அன்னிக்குக் கூட வந்திருந்தா. சின்னதா ஒண்ணு, ஒரு தட்டு அகலம் இருந்தாப் போதும்னு அவருகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா. நான்தான் எடுத்துச் சொன்னேன், காத்துக்கு அடியில ஓட்டை விட்டிருக்கு, ஃபேன் இருக்குன்னு. ஃபேன் இஞ்சின் ஓடறப்ப மட்டும் ஓடற மாதிரி கனெக்ஷன், இல்லாட்டி பேட்டரி எறங்கிரும். அப்புறம் உள்ள இருந்து திறக்க ஒரு கொண்டி வச்சுரலாம்ணே, பாதுகாப்பு அதுன்னாரு ஜெயசீலன். அது வச்சா வெளிப்பக்கம் ஒரு போல்ட் தலை நீட்டிக்கிட்டு நிக்கும், பாக்கறவனுக்குச் சந்தேகம் வரும். அதையும் வேண்டாம்னுட்டேன். நான் கூட இருக்கறப்ப கதவைத் திறக்கறதுக்கு என்ன கஷ்டம்?

ரெண்டு பக்கமும் துளசி ட்ரேடர்ஸ், கொப்பரை மொத்த வியாபாரம்னு எழுதச் சொன்னேன். அவ பேரைத்தான் போட்டேன். சந்தோஷப்படுவான்னு பாத்தேன், அவ சாமான் ஏத்தறதுலயே இருந்தா. ஈயப் பாத்திரம், மடக்கு நாற்காலி, ஊறுகாய் ஜாடின்னு கொண்டாந்து வச்சா, எல்லாத்தையும் எறக்கச் சொல்லிட்டேன். பாரம் கூடக்கூட மைலேஜ் அடி வாங்கும். உன் எடையையே கணக்குல சேத்துத்தான் வச்சிருக்கேன்னு தமாஷா சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரல.

புரட்டாசியில கெளம்பினோம். பக்கத்துல எல்லாம் அவ ஓசூருக்கு மக வீட்டுக்குப் போறதா சொல்லி வச்சோம். நான் கொப்பரை லோடு ஒண்ணு தஞ்சாவூருக்குக் கொண்டுபோறேன்னு சொல்லிட்டேன். விடியறதுக்குள்ள கேட்டுக்குள்ளயே அவளைப் பின்னாடி ஏத்தி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஓட்டினேன். கரூர் வரைக்கும் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க, அதுவரைக்கும் உள்ள இருன்னேன். கரூர் தாண்டினதும் திருச்சி தாண்டட்டும்னு தோணுச்சு. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி தகரத்துல நான் ரெண்டு தட்டுத் தட்டினா சத்தம் காட்டக் கூடாது, அப்படி ஒரு ஏற்பாடு.

திருச்சி தாண்டி வண்டிகளை ஓரங்கட்டிச் சோதனை பண்ணிக்கிட்டிருந்தாங்க. பின்னாடி ஆளை ஏத்தறது சட்டப்படி ஆகாதில்லீங்களா? ரெண்டு தட்டுத் தட்டிட்டு எறங்கினேன். என்ன லோடுன்னு போலீஸ்காரர் கேட்டாரு. கொப்பரைன்னா பில்லு கேப்பாங்க, டக்குனு அது நெனப்பு வந்துச்சு. "காலி வண்டிங்க சார். உள்ள ஒண்ணுமில்ல" ன்னேன். அவரு பின்னாடி போயித் தகரத்துல ஒரு அடி அடிச்சுப் பாத்தாரு. சத்தமே இல்ல. போன்னுட்டாரு. எனக்கு அப்ப இருந்த சந்தோஷம் இருக்கே! எத்தனை மாசப் பாடு, போலீஸே கண்டுபுடிக்க முடியல. கொஞ்ச தூரம் போயி நிறுத்தி, கதவைத் திறந்து, கேட்டியா அம்மிணின்னேன். "கேட்டேங்க" ன்னா. "நான் உள்ளதானுங்க இருந்தேன்" ன்னா. அதை எதுக்குச் சொல்றான்னு எனக்குப் புரியல. ஆமா, உள்ளதான் இருந்தா, அதைத்தானே நானும் சொல்றேன்.

முன்னாடி வந்து உக்காந்துக்கறேன்னு கேட்டா. தஞ்சாவூர் தாண்டட்டும், சாப்பிட்டுட்டு மாறிக்கலாம்னேன்.

தஞ்சாவூர் தாண்டி ஒரு ரைஸ்மில். அறுப்புச் சமயம், நெல்லு லாரிங்க ரோட்டோரமா வரிசையா நின்னுக்கிட்டிருந்துச்சு. அதுக்கு நடுவுல ஒரு வண்டி நிக்கற அளவு சந்து. அங்க விட்டா யாரு கண்ணுக்கும் படாதுன்னு விட்டேன். நல்ல வெயில். எதுத்தாப்புல கொஞ்ச தூரத்துல ஒரு மெஸ். சோறு வாங்கியாறேன், சத்தம் காட்டாம இருன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டுப் போனேன். மெஸ்ஸுல கூட்டம். பார்சல் கட்டி வாங்கிக்கிட்டு வந்து பாக்கறேன், வரிசை நகர்ந்திருக்கு. பின்னாடி நின்ன லாரிக்காரன் என் வண்டிக் கதவோட முட்டற மாதிரி கொண்டாந்து நிறுத்திட்டு எங்கயோ போயிட்டான். முன்னாடியும் ஒட்டினாப்புல ஒரு லாரி, அதுக்கும் டிரைவர் இல்ல. கதவு வெளிப்பக்கம் திறக்கற கதவு. விரலு நுழையக்கூட எடமில்ல.

நான் என்னங்க பண்றது? டிரைவரைத் தேடினேன். டீக்கடையில கேட்டேன், மில்லுக்குள்ள கேட்டேன். எங்கயோ குளிக்கப் போயிட்டான்னாங்க, வருவான்னாங்க. என்ன அவசரம்னு கேட்டாங்க. வண்டிக்குள்ள மருந்துச் சாமான் இருக்கு, சூடுபட்டா கெட்டுப் போயிரும்னேன். சட்டுனு வாயில அதுதான் வந்துச்சு. அத்தனை பேரு மூட்டை தூக்கிக்கிட்டு நிக்கற எடத்துல, என் வீட்டுக்காரி உள்ள இருக்கான்னு எப்படிங்க சொல்றது? என்ன நெனைப்பாங்க? ஒரு பொம்பளையப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிக் கொண்டுபோறான்னு போலீஸுக்குச் சொல்லிட்டா?

இஞ்சினை ஓட்டினா ஃபேன் ஓடும்னு நெனச்சு ஸ்டார்ட் பண்ணினேன். பின்னாடி லாரி அடைச்சு நின்னதுல புகை அடியில இருந்த ஓட்டை வழியா உள்ள போக ஆரம்பிச்சுருச்சு. இருமற சத்தம் கேட்டு நிறுத்திட்டேன். அப்புறம் தட்டற சத்தம். மூட்டை தூக்கற ஒரு ஆளு, உள்ள என்னங்கய்யா தட்டுதுன்னான். தகரம் வெயிலுக்கு விரியுதுன்னேன். நான் போயி ரெண்டு தட்டுத் தட்டினேன், சும்மா இருக்கச் சொல்லி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அப்புறம் மறுபடி தட்டினா. "ஏனுங்க, ஏனுங்க" ன்னு கூப்பிட்டா, ஆனா சன்னமா. அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

எனக்கு அப்ப பயமாயிருச்சுங்க. பொய் சொல்லப்படாது. கதவோரம் வாய வச்சு, அம்மிணி, இப்ப டிரைவர் வந்துருவான், கொஞ்சம் பொறுத்துக்கன்னேன். அப்பதானுங்க அவ கத்தினா.

"சென்னியப்பா!"

என் பேரு அதுங்க. கல்யாணமாயி இத்தனை வருஷத்துல என் பேரை அவ சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல இருக்கறவங்களைச் சொல்லச் சொல்லிட்டு நிப்பா. "சென்னியப்பா, கதவைத் தொற! சென்னியப்பா!" ன்னு கத்தறா. ரோடே திரும்பிப் பாத்துச்சு. மூட்டையெல்லாம் அங்கங்க கீழ எறங்கிருச்சு. உள்ள யாருன்னு கேட்டாங்க. அப்புறம் யாரு சென்னியப்பன்னு கேட்டாங்க. என் மூஞ்சிதான் சொல்லிருச்சு.

நெல்லுத் தூத்தற பொம்பளைங்க கொஞ்சம் பேரு இருந்தாங்க, அதுல பாக்கியவதின்னு ஒருத்தி. அவதான் ஒரு கடப்பாரையைத் தூக்கிட்டு வந்து ஆம்பளைங்க கையில குடுத்தா. பக்கவாட்டுல தகரத்தைக் கிழிங்கன்னா. ஜெயசீலன் பட்டறையில ரெண்டு வாரம் செஞ்ச வேலைங்க. ஒரு நிமிஷம் இருங்க, டிரைவர் இப்ப வந்துருவான்னு சொன்னேன். ஒருத்தன் என் நெஞ்சுல கைய வச்சுத் தள்ளி விட்டான். கொப்பரைன்னு எழுதியிருந்த எடத்துல குத்திக் கிழிச்சாங்க. அந்த வழியாத்தான் அவளை வெளிய இழுத்தாங்க. முழங்கை ரெண்டும் சிராய்ச்சு ரத்தம். சேலை தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. தலையில தண்ணி ஊத்தினாங்க, மோர் குடுத்தாங்க. வேப்ப மரத்தடியில உக்காந்து ரொம்ப நேரம் மூச்சு வாங்கிக்கிட்டே இருந்தா. நான் சோத்துப் பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். சாப்பிடறியான்னு கேட்டேன். என்னைப் பாக்கவே இல்ல.

டிரைவர் அப்புறம் வந்தான். தலை துவட்டிக்கிட்டே வந்தான். அவனை யாரும் திட்டல, அதைக் கவனிச்சீங்களா? என்னைத்தான் எல்லாரும் பாத்தாங்க.

சாயங்காலம் வேலை முடிஞ்சு பாக்கியவதி திருவாரூர் பக்கம் அவ ஊருக்கு பஸ் ஏறினா. இவளும் கூட ஏறிட்டா. நான் முன்னாடி கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, வா அம்மிணி, இனிமே முன்னாடிதான்னு சொல்லிக்கிட்டு நிக்கறேன், பஸ் போகுது. பின்னாடியே ஓட்டினேன். டவுன் பஸ்ஸுங்க. நாலு எட்டு வச்சா ஒரு ஸ்டாப்பு. அவன் நின்னா நான் நிக்கோணும், அவன் கெளம்பினா நான் கெளம்போணும். அன்னிக்கு வண்டி பன்னெண்டு கூடத் தரல. ஓரத்துல தகரம் தொங்கிக்கிட்டு டமடமன்னு அடிச்சுக்கிட்டே வருது.

பாக்கியவதி வீடு ஒரு வாய்க்காலோரத்துல, ஓட்டு வீடு, சின்னது. அவங்க நம்ம ஆளுங்க இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. இவ நேரா உள்ள போயி அவ குடுத்த சேலையைக் கட்டிக்கிட்டா, அவ வச்ச குழம்பை ஊத்திச் சாப்பிட்டா. என்னையும் கூப்பிட்டாங்க. அங்க நான் எப்படிங்க சாப்பிடறது? பசியில்லைன்னு சொல்லிட்டேன். கடையில பன்னு வாங்கித் தின்னுட்டு வண்டிக்குள்ளயே படுத்துக்கிட்டேன். கட்டில் சௌகரியமாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லோணும். கொசுதான், அந்தக் கிழிசல் வழியா.

காலைல எந்திரிச்சுப் பாக்கறேன், வாய்க்கால் வரப்புல பல்லு வெளக்கிக்கிட்டே நிக்கறா. அவ பாட்டுக்கு வயலைப் பாத்துக்கிட்டு. பக்கத்துல போயி, ஏம்மிணி போலாமா, அப்படி என்னத்தைப் பாக்கறன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" ன்னா. கோவமெல்லாம் இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. கோவம்னா எப்படிச் சமாதானம் பண்றதுன்னு எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் அங்கயே இருந்தா. பாக்கியவதி கூட வேலைக்குப் போனா, நெல்லுத் தூத்தினா, கோயிலுக்குப் போனா. நான் ரோட்டுல வண்டியில. ஊர்க்காரங்க பழகிட்டாங்க, போறப்ப வர்றப்ப அக்கா புருஷன், அக்கா புருஷன்னாங்க. அப்புறம் ஒருநாள் கெளம்பினா. பஸ்ஸுலதான். திருச்சிக்கு ஒரு பஸ்ஸு, கரூருக்கு ஒண்ணு, வெள்ளகோவிலுக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் பின்னாடி நான். எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கறா, எவ சேலையையோ கட்டிக்கிட்டு. பின்னாடியே நான் பொத்தல் வண்டியில. பெரியண்ணன் டீக்கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. ஓசூர்ல இருந்து வர்ற பஸ்ஸா இதுன்னு கேட்டாரு.

நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். அதுக்குள்ள இவ வீதியில அத்தனை பொம்பளைங்ககிட்டயும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டா. அழுது சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றா. நான் சோத்துப் பொட்டலத்தோட நின்னதை நின்னு காட்டறா. அவங்க சிரிக்கற சத்தம் இங்க எடைமேடை வரைக்கும் கேட்டுச்சு. நான் அதுக்கப்புறம் டீக்கடைக்குப் போறதில்ல. டீ இங்கயே வந்துரும். லாரிக்காரனுங்க, என்ன லோடுன்னு நான் கேட்டா, காலி வண்டிங்கன்னு சொல்லிட்டு ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிக்கறானுங்க. நாள் முழுக்க இந்த ரூம்புக்குள்ளதான் கெடக்கேன்.

அவ ஒண்ணும் மாறலீங்க. காலைல டிபன் வைக்கறா, மதியம் சோறு கொண்டாந்து தர்றா. வண்டிய வித்துடுங்கன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அந்தப் பக்கம் திரும்பியே பாக்கறதில்ல, அவ்வளவுதான். நான்தான் ஒட்டுப் போட்டு, பெயிண்ட் அடிச்சு, விக்கறதுன்னு போர்டு மாட்டினேன்.

இப்ப என்னன்னா, வீதிப் பொம்பளைங்க எல்லாம் சேந்து ஒரு வேன் பேசியிருக்காங்க. தரங்கம்பாடிக்கு, கடலு பாக்க. ராத்திரி அங்கயே தங்கறாங்களாம். எல்லாம் இவ ஏற்பாடு. நாளைக்கு விடிகாலைல கெளம்பறாங்க. முந்தாநாள் வந்து, "வர்றீங்களா?" ன்னு கேட்டா. அத்தனை பொம்பளைங்க நடுவுல நான் ஒருத்தன். எடைமேடைய யாரு பாத்துக்கறதுன்னு கேட்டேன். சரிங்கன்னுட்டுப் போயிட்டா. மறுபடி கேக்கல.

ஆனா பாருங்க, இன்னிக்குக் காலைல பாத்தா, என் வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு அறைக் கதவுல மாட்டி வச்சிருக்கா. தினமும் இங்க வர்றதுக்கு நான் தேய்ச்ச சட்டை போடறதில்லீங்க. நாளைக்கு நான் கூட வர்றதுக்காக மாட்டினாளா, இல்ல அவ ஊர்ல இல்லாத நாளுக்கு எடுத்து வச்சாளா, தெரியல. கேக்க வேண்டியதுதானேம்பீங்க. நாலு தடவை போயி அந்தக் கதவுகிட்ட நின்னேன். அவ உள்ள பையில துணி அடுக்கிக்கிட்டு இருந்தா. என்னங்கன்னு கேட்டா. தண்ணி வேணும்னு சொல்லிக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

நீங்க வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வாங்க. முத்தூரு வரைக்கும் போயிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் இங்கதான் இருப்பேன்.